மிதித்தால் நாக்கு கசக்கும்

என் அக்கா புருஷன் இருபத்திரண்டு வருஷம் செருப்புக் கடையில் நின்றவர். எந்தக் காலைப் பார்த்தாலும் அளவு சொல்லிவிடுவார். அந்த ஒரே தகுதியை வைத்துக்கொண்டு, கடையை மூடிய மறு மாதமே வீட்டு முன்னறையில் ‘பாத வைத்தியர்’ என்று பலகை மாட்டிவிட்டார்.

வைத்தியம் இதுதான். பேய்க்குமட்டி என்று ஒரு காட்டுக்காய். எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிது, குட்டித் தர்பூசணி மாதிரி வரி வரியாகப் பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். வாயில் வைத்தால் குடல் வெளியே வந்துவிடும், அத்தனை கசப்பு. அதை நறுக்கி பிளாஸ்டிக் டப்பில் கொட்டி, சர்க்கரை வியாதிக்காரர்களை அரைமணி நேரம் மிதிக்க விடுவார். கசப்பு பாதம் வழியாக ஏறி, ரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தின்றுவிட்டு, நாக்கில் வந்து நிற்குமாம். நாக்கு கசந்தால் மருந்து பிடித்துவிட்டதாம். அப்புறம் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடலாமாம்.

நறுக்குவது நான். எத்தனை சோப்பு போட்டுக் கழுவினாலும் கையில் கசப்பு போகாது. நான் உரித்துக் கொடுக்கும் வாழைப்பழத்தை என் மகள் துப்பிவிடுவாள். கடைசியில் ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் கொடுப்பதும் நான்தான். நாக்கை எழுப்பிவிடும் தண்ணீர் என்று அத்தான் அதற்கும் ஒரு பெயர் வைத்திருந்தார். குடித்ததும் ஒவ்வொருவரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, “கசக்குது, கசக்குது!” என்று புல்லரித்துப் போவார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கண்ணீரே விட்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். பக்கத்து டப்புக்காரர் சொல்லிவிட்டார் என்று இவரும் சொல்கிறார், படித்த மனிதர் கூச்சமில்லாமல் புளுகுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

அக்காவும் கசக்கிறது என்றாள். அதுதான் எனக்கு எரிச்சல். அவள்தான் அத்தானின் விளம்பரம்.

“என் சம்சாரம் எட்டு மாசமா ஒரு மாத்திரையத் தொடல” என்று வருகிறவர்களிடமெல்லாம் அவளை நிறுத்திக் காட்டுவார். அவளுடைய வலது கால் சுண்டுவிரலில் ஒரு புண் ஆறாமல் கறுத்துக்கொண்டு வந்தது. அதைக் காட்ட மாட்டார்.

“ஆஸ்பத்திரிக்குப் போலாம், வாக்கா” என்று கெஞ்சிப் பார்த்தேன்.

“மருந்து பிடிச்சிருக்குடி. நாக்கு கசக்குது. எனக்குப் பொய் சொல்லத் தெரியுமா?”

தெரியாதுதான். சின்ன வயதில் உண்மையைச் சொல்லிச் சொல்லியே எனக்கும் சேர்த்து அடி வாங்கித் தந்தவள்.

ஒரு செவ்வாய்க்கிழமை கத்தி என் விரலில் இறங்கிவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு அடுத்த மூன்று நாளும் இரண்டு கைக்கும் ரப்பர் உறை மாட்டி நறுக்கினேன். உறையைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் கொடுத்தேன். மூன்றாம் நாள் ஒருவருக்கும் கசக்கவில்லை.

“வெறும் தண்ணி மாதிரிதான் இருக்கு, வைத்தியரே” என்றார் ஒரு லாரி டிரைவர். வெறும் தண்ணீர் வேறு எப்படி இருக்கும்?

“எனக்கும் கசக்கலைங்க” என்றாள் அக்கா.

அத்தான் அசரவில்லை. “வியாதி எதுத்து நிக்குது. இனிமே ஒரு மணி நேரம் மிதிக்கணும்.”

அக்கா அந்தப் புண்ணோடு மறுபடி டப்பில் இறங்கினாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டு மாதமாக யாரும் புளுகவில்லை. அவர்கள் நாக்கு நிஜமாகவே கசந்திருக்கிறது. டம்ளர் விளிம்பைப் பிடித்துப் பிடித்து நீட்டியது இந்தக் கைதான். உறை போட்ட மூன்று நாளில் இதில் ஊறிய கசப்பு போயிருக்கிறது. அத்தானுக்காவது விவரம் தெரியாது. வாழைப்பழத்தைத் துப்பும் மகளைத் தினமும் பார்த்துக்கொண்டே, ஊரை முட்டாள் என்று சிரித்துக்கொண்டிருந்த அதிபுத்திசாலி நான்.

மறுநாள் உறை போடாமல் நறுக்கினேன். அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் பார்க்க டம்ளரை நீட்டினேன்.

“அக்கா, இதக் குடி.”

குடித்தாள். முகம் சுளித்தது. “கசக்குது...” என்றவள் காலைக் குனிந்து பார்த்தாள். “நான் இன்னும் மிதிக்கவே இல்லையே?”

“கசப்பு என் கையில இருக்குக்கா. டம்ளர் விளிம்புல ஒட்டிக்குது. உன் கால் வழியா எதுவும் ஏறல.”

அத்தான் எழுந்தார். வெட்கப்பட்டு உள்ளே போகப் போகிறார் என்று பார்த்தால், “பாத்தீங்களா! எட்டு மாசம் மிதிச்ச உடம்பு. இப்ப வாசம் பட்டாலே வேலை செய்யுது!” என்று கூவினார்.

தலைமையாசிரியர் பலமாகத் தலையாட்டினார். லாரி டிரைவர் மட்டும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். மற்றவர்கள் துணியை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு டப்பில் இறங்கினார்கள். இவர்கள் தலையில் எதைக் கொண்டு குட்டுவது?

அக்கா என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். சர்க்கரை அளவைப் பார்த்த நர்ஸ் கருவிதான் தப்போ என்று இன்னொரு முறை குத்திப் பார்த்தார். கால் விரலை எடுத்தே ஆக வேண்டும், ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். நான் கட்டில் பக்கத்தில் நின்று அத்தானை வாய் வலிக்கத் திட்டினேன். செருப்பு விற்ற ஆளுக்கு வைத்தியம் ஒரு கேடா, அவருக்கு மூளை இருக்கிறதா, மனசாட்சி இருக்கிறதா என்று ஒன்றையும் விடவில்லை. அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.

“தண்ணி வேணும்” என்றாள்.

மேஜை மேல் இருந்த டம்ளரை நோக்கி ஓடினேன்.

“நீ தொடாத” என்றாள். கஷ்டப்பட்டு எழுந்து உட்கார்ந்து, கையை எட்டி நீட்டி, தானே எடுத்துக் குடித்தாள்.