1998-க்கு நேரே

நாளிதழின் நான்காம் பக்கத்தில், இடது கீழ் மூலையில், ‘இதே நாளில்’ என்று ஒரு பெட்டி வரும். ஒரு ராஜா முடிசூடியது, ஒரு நாட்டுக்குக் கொடி கிடைத்தது, ஒரு விஞ்ஞானி பிறந்தது என்று ஐந்து சரித்திரச் சேதிகள். இருபது வருடமாக அதைத் தயாரிப்பவளுக்கு அலுவலகத்தில் பெட்டிக்காரி என்றே பெயர். மேசையருகே அவளுடைய இழுப்பறை. உள்ளே நாளுக்கு ஒன்றாக முந்நூற்று அறுபத்தாறு அட்டைக்கட்டுகள். ராஜாக்களுக்கு அவளிடம் தனி மரியாதை கிடையாது. இடம் போதாவிட்டால் முதல் வெட்டு அவர்களுக்குத்தான்.

மார்ச் பதினொன்றின் கட்டில் மட்டும் அவள் ஒருநாளும் ஒதுக்காத அட்டை ஒன்று உண்டு. ‘1998: நூற்பாலையில் தீ. கதவு வெளியே பூட்டப்பட்டிருந்ததால் பதினேழு பெண்கள் பலி.’ பதினேழில் ஒருத்தி அவளுடைய அக்கா. வழக்கு வாய்தா வாய்தாவாக இழுத்துச் செத்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, ஆலைக்காரர்கள் ஒரு ஆலையையே இடித்துக் கடைகளுக்கு அடியில் மறைத்துவிட்டார்கள். பூட்டு இருந்ததற்கு எழுத்தில் மிஞ்சிய ஒரே சாட்சி அந்த இரண்டு வரிதான். வருடா வருடம் அம்மா அதைக் கத்தரித்துப் பீரோவில் வைப்பாள்.

இந்த வருடம் மார்ச் பத்தாம் தேதி ஆசிரியர் அவளைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் காற்றடிக்கிற பக்கம் சாய்கிறவர்.

“அந்த மில்காரர் இப்ப நம்ம முதலாளிக்குச் சம்பந்தி ஆகப்போறார்மா. பதினஞ்சு நாள்ல கல்யாணம்.”

“அதுக்கு?”

“தீ விபத்துன்னு மட்டும் போட்டுக்கோ. கதவு, பூட்டு எல்லாம் எதுக்கு?”

“அவங்க தீயில சாகல சார். பூட்டுல செத்தாங்க.”

ஆசிரியர் அச்சுக்கு முன் பிழை பார்க்கும் மெய்ப்புத் தாளை இழுத்து, சிவப்புப் பேனாவால் அந்த இரண்டு வரியையும் அடித்துக் கீழே கையெழுத்துப் போட்டார். “இந்தத் தடவை நாலு சேதி போதும்,” என்றார்.

அவளுக்கு ஆத்திரத்தில் காதெல்லாம் எரிந்தது. தாளோடு வெளியே வந்த பிறகுதான் கவனித்தாள். வரிகளை அடித்த மனிதர், அவற்றின் முன்னால் இருந்த 1998-ஐ அடிக்க மறந்திருந்தார். கையெழுத்து விழுந்த மெய்ப்பில் ஒரு புள்ளியைக்கூட யாரும் கூட்டவோ குறைக்கவோ கூடாது. அது அந்த அலுவலகத்தின் சட்டம். திரும்பிப் போய் அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்வதாகவும் இல்லை.

பக்கம் வடிவமைக்கும் அண்ணன் கணினித் திரையைக் காட்டினார். “என்னம்மா, வருஷம் மட்டும் மொட்டையா நிக்குது?”

“சார் கையெழுத்து இருக்குல்லண்ணே. இருக்கறபடியே போடுங்க.”

அவர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “அப்ப ரெண்டு வரி எடம் விட்டாத்தான் லட்சணமா இருக்கும்,” என்று 1998-க்கு நேரே வெள்ளையாக விட்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே தொலைபேசி அலறத் தொடங்கியது. வாசகன் லேசுப்பட்டவன் இல்லை. தலையங்கத்தைப் படிக்க மாட்டான். விட்டுப்போன வரியைக் கண்டுபிடித்துவிடுவான். ஏன் காலியாக இருக்கிறது என்று சிலர் கேட்டார்கள். பலர் கேட்கவில்லை, சொன்னார்கள். “என் தங்கச்சி அந்த ஷிப்டுல இருந்தா,” என்றார் ஒருவர். “அந்தப் பூட்ட ஒடைச்சவன் நான்தாம்மா. அத ஏன் போடல?” என்றது ஒரு தளர்ந்த குரல். ஒவ்வொரு அழைப்பையும் எண்ணோடு குறித்துக்கொண்டாள். பதினொரு மணிக்குள் அறுபத்திரண்டு.

முதலாளி அறைக்கு வரச் சொன்னார். அவர் தலைக்கு மேலே, பத்திரிகையைத் தொடங்கிய அவருடைய அப்பா எழுதிய வாசகம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது: ‘பிழை செய்தால் மறுநாளே, அதே இடத்தில் திருத்துவோம்.’ யார் வந்தாலும் முதலாளி முதலில் காட்டிப் பீற்றிக்கொள்வது அதைத்தான்.

“ஒன் வேலை போயிடும், தெரியுமா?”

“தெரியும் சார். சாயங்காலம் வரைக்கும் பெட்டி என் பொறுப்பு. திருத்தம் எழுதிட்டு வந்திருக்கேன்.” தாளை மேசைமேல் வைத்தாள்.

அதே இரண்டு வரிதான். முதலாளி மூன்று தடவை படித்தார். “தீயப் போடு. பூட்ட எடுத்துடு.”

“எடுத்துடலாம். அப்ப அதுவும் பிழைதானே சார். நாளன்னைக்கு அதுக்கு ஒரு திருத்தம் போடணும். பூட்ட ஒடைச்சவரோட நம்பர் இருக்கு, கேட்டு எழுதிடறேன்.”

வெளியே தொலைபேசி மறுபடி அடித்தது. முதலாளி அது ஓயும்வரை காத்திருந்தார். ஓய்ந்ததும் அடுத்தது அடித்தது. தாளில் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார்.

“நாளையிலருந்து நீ விளம்பரப் பிரிவு. பெட்டிய வேற ஆள் பாத்துக்கும்.”

மார்ச் பன்னிரண்டாம் தேதி, நான்காம் பக்கத்தில் திருத்தம் வந்தது, பூட்டோடு. அம்மா காலையிலேயே கத்தரிக்கோலுடன் உட்கார்ந்துவிட்டாள்.

விளம்பரப் பிரிவுக்கு மூட்டை கட்டும் முன் அவள் இழுப்பறையைத் திறந்தாள். பதினொன்றின் கட்டில் பழைய அட்டை பத்திரமாக இருந்தது. பன்னிரண்டின் கட்டை எடுத்தாள். புது அட்டையில் இந்த ஆண்டைப் போட்டு எழுதினாள்: ‘1998-இல் நூற்பாலைக் கதவு வெளியே பூட்டப்பட்டிருந்ததை இந்நாளிதழ் திருத்தம் வெளியிட்டு உறுதிசெய்தது.’ முதலாளி கையெழுத்திட்ட தாளை அதோடு சேர்த்துக் குண்டூசி குத்தி, அடுத்துப் பெட்டி தயாரிக்க வருபவருக்காகக் கட்டுக்குள் வைத்தாள்.

இத்தனை காலம் பூட்டியவர்கள் வருடத்துக்கு ஒருநாள் பயந்தால் போதுமாயிருந்தது. இனி இரண்டு நாள்.