ஹன்னாவின் இனிஷியல்

1

இந்தக் கதை ஒரு கார் பார்க்கிங்கில் பிறந்தது. மறைக்க ஒன்றுமில்லை. வெஸ்ட் வின்ட்சர் பக்கம் எங்கள் தமிழ்ச் சங்கம் கட்டடத்துக்கு நிலம் வாங்கியது. நிலத்தின் மூலையில் ஒற்றைக் கல்லறை. அதை எடுத்தால் பன்னிரண்டு கார்கள் நிற்கக்கூடிய இடம். அந்தச் சமயம் சங்க மலருக்குக் கதை கேட்டார்கள். எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

கல்லில் இருப்பது இவ்வளவுதான்: ஹன்னா ஜே., நேதன் காபின் மனைவி, 1831–1879.

2

முதல் தொடக்கம்: "பனி படர்ந்த அந்தக் காலையில் ஹன்னா தனியே நின்று..."

(வேண்டாம். நான் போனது ஜூலையில். கொசு பிடுங்கியது.)

இரண்டாவது தொடக்கம்: "பெண் என்பவள்..."

(இதைக் கலாவதி, அதாவது என் மனைவி, எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். வரியை அடித்துவிட்டேன்.)

3

கட்டடக் கமிட்டித் தலைவர் சேனாபதி என்னைக் கூப்பிட்டார். ஹன்னாவுக்கு உறவினர் யாராவது இருந்தால் கல்லறையை இடம் மாற்ற அவர்கள் சம்மதம் வேண்டும். இல்லையென்றால் நகராட்சி ஹியரிங்கில் அனுமதி வாங்கிவிடலாம்.

"சார், நீங்கதான் டேட்டா ஆளு. ரிலேட்டிவ்ஸ் யாரும் இல்லைன்னு செக் பண்ணிக் குடுங்க."

(செக் பண்ணச் சொன்னாரா, இல்லை என்று சொல்லச் சொன்னாரா என்று வாசகர் குடையக்கூடாது.)

ஹன்னாவுக்குக் குழந்தைகள் இல்லை. ஆகவே பிறந்த வீட்டைத் தேட வேண்டும். இரண்டு மாதம் பழைய சென்சஸ் தாள்களில் கிடந்தேன். 'ஜே' என்று தொடங்கும் பெயருள்ள ஓர் அப்பாவைத் தேடினேன். இனிஷியல் என்றால் அப்பாதானே? ஜோசையா என்று ஒருவர் கிடைத்தார். அவருக்கு ஹன்னா என்று ஒரு மகளும் இருந்தாள். அந்த வம்சம் 1890களிலேயே முடிந்துபோயிருந்தது. உறவினர் இல்லை என்று அறிக்கை அனுப்பினேன். சேனாபதி மூன்று கட்டைவிரல் எமோஜிகளைப் பதிலாக அனுப்பினார்.

4

அறிக்கையைக் கலாவதி சாவகாசமாகப் படித்தாள்.

"ஜே-ன்னா அப்பான்னு யார் சொன்னா?"

"இனிஷியல்தானே."

"அது நம்ம ஊர்ல. எங்க ஆபீஸ்ல ஒருத்தி நடுவுல அவங்கம்மா வீட்டுப் பேர வச்சிருக்கா. பொண்ணுக்கு அம்மான்னு ஒருத்தி இருப்பாளேன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

தோன்றவில்லை. இருபது வருடமாக இந்த நாடே, லாஸ்ட் நேம் என்று, என்னை என் அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறது. ஆபீஸில் நானும் திரும்பிப் பார்க்கிறேன். அப்படியும் தோன்றவில்லை.

கல்யாணப் பதிவைத் தேடிப் பார்த்தேன்: 'ஜே' என்றால் ஜெனிங்ஸ், ஜோசையாவின் மகள் வேறொரு ஹன்னா. ஹன்னாவின் அம்மா பிறந்த குடும்பத்தின் பெயர். அந்த வழியில் தேட ஒரே வாரம் ஆனது. ஹன்னாவுக்கு ஒரு தங்கை. தங்கையின் பேத்திக்குப் பேத்தி டோரதி, வயது எண்பது, கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறார்.

5

போனில் டோரதியைப் பிடித்தேன். ஹன்னா எழுதிய கடிதம் ஒன்றைத் தன் அம்மா கடைசிவரை வைத்திருந்ததாகவும், ஹன்னாவை எங்கே புதைத்தார்கள் என்று தெரியாமலே போய்விட்டதாகவும் சொன்னார். அங்கே யாராவது புல் வெட்டுகிறார்களா என்று கேட்டார்.

வெட்டுகிறோம் என்றேன். பொய். வெட்கமாக இருந்தது. அந்தச் சனிக்கிழமையே மோவரை வேனில் ஏற்றிக்கொண்டு போனேன்.

அதே அழைப்பில், ஏப்ரலில் வருகிறேன், அதுவரை அவள் அங்கேயே இருப்பாள் இல்லையா என்றும் கேட்டார். சிக்னல் சரியில்லை என்று போனை வைத்துவிட்டேன்.

6

முடிவு அ: அறிக்கையைத் திரும்பப் பெறுகிறோம். பொங்கல் விழாவுக்குப் பன்னிரண்டு குடும்பங்கள் தெருவில் காரை விட்டுவிட்டு நடந்து வருகின்றன. பட்டுப்புடவைகள் என்னைத் திட்டுகின்றன.

முடிவு ஆ: நான் வாயை மூடிக்கொள்கிறேன். ஏப்ரலில் டோரதி வருகிறார். வாடகைக் காரைக் காலியாக இருக்கும் இடத்தில் நிறுத்துகிறார். ஹன்னா இருந்த இடம் அதுதான்.

மூன்றாவது முடிவு

(என்னிடம் இல்லை.)

மேலே வாசகர் என்றது உங்களைத்தான், சேனாபதி சார். மலருக்கும் நீங்கள்தானே பொறுப்பாசிரியர். அச்சுக்குப் போகும்முன் இதைப் படிக்கப்போவது நீங்கள் ஒருவர்தான். உங்கள் பெயர் வருகிற கதையைப் பாதியில் வைக்கமாட்டீர்கள் என்ற தைரியத்தில் எழுதினேன். அறிக்கை தப்பு என்று நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஹியரிங் வியாழக்கிழமை. டோரதியின் நம்பரைக் கடைசித் தாளில் பின் பண்ணியிருக்கிறேன். அவர் கேட்ட இரண்டாவது கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.