மைனஸ் ஏழு

தடுப்பூசிக் கிடங்கின் குளிர்பெட்டிக்குள் எத்தனை டிகிரி என்று இரவில் ஆறு முறை பார்த்து எழுத வேண்டும். நான் விடிந்ததும் ஒரே மூச்சில் ஆறு கட்டங்களையும் நிரப்பிவிடுவேன். எனக்கு முன்னால் இருந்தவனும் அப்படித்தான். நாலு, நாலு, ஐந்து, நாலு, மூன்று, நாலு. எல்லாமே நாலாக இருந்தால் மேலிடத்துக்குச் சந்தேகம் வரும். அதற்காகத்தான் அந்த ஐந்தும் மூன்றும். இரண்டிலிருந்து எட்டுக்குள் இருந்தால் யாரும் கேட்பதில்லை.

அன்று எழுதி, கையெழுத்தும் போட்ட பிறகுதான் குளிர்பெட்டியைத் திறந்தேன். ஒரு பள்ளிக்கூடத்துக்கு மருந்து போக வேண்டியிருந்தது. பின்சுவரோடு ஒட்டியிருந்த அட்டைப்பெட்டி கையோடு வரவில்லை. இழுத்தபோது பனி விரிசல்விடும் சத்தம் கேட்டது. வெப்பமானியைப் பார்த்தேன். மைனஸ் ஏழு.

பகலில் துடைத்தவர்கள் கை பட்டிருக்கும். குளிரைக் கூட்டும் திருகு கடைசிவரை போயிருந்தது. அதைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டுக் குப்பிகளை மேசையில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் உருகிவிட்டன. முன்பு போலவே கலங்கல் வெள்ளை. பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ரணஜன்னி என்கிற டெட்டனஸுக்கும் தொண்டை அடைப்பானுக்கும் போடுகிற ஊசி அது. கொஞ்சம் சூடு பட்டால்கூடத் தாங்கும். ஒரு தடவை உறைந்தால் தீர்ந்தது. போட்டுக்கொண்டவருக்குக் கெடுதல் வராது. பாதுகாப்பும் வராது.

ஸ்டோர் கீப்பர் வந்தார். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

"என்ன ஆந்தை, ராத்திரி தூங்கினியா?"

"இல்ல சார்."

"பொய்யையாவது கண்ணை முழிச்சிட்டுச் சொல்லேன்யா."

சிரித்துக்கொண்டே ஏட்டில் என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார். ஏட்டின் நகலோடு பெட்டி வண்டியில் ஏறியது. அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை போகும். கல்லூரியில் உயிரியலைப் பாதியில் விட்டவனுக்கு மூன்று வருடம் அலைந்து கிடைத்த வேலை. வாயை மூடிக்கொண்டேன். மனசு உறுத்துகிறதா என்று பார்த்தேன். மரத்துப்போன காலைக் கிள்ளுகிற மாதிரிதான் இருந்தது. கிள்ளுவது தெரிகிறது, வலிக்கவில்லை.

அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். அக்கா மகள் பத்தாவது படிக்கிறாள். நான் நுழையும்போது ஒரு கையில் பிரஷ்ஷும் இன்னொரு கையில் புத்தகமுமாக நின்றாள்.

"மாமா, நொதின்னா என்ன? சட்டுனு சொல்லு."

"உடம்புக்குள்ள நடக்கிற வேலையை வேகப்படுத்துற புரதம்."

"சூடு பண்ணா செத்துடுமா?"

"உயிர் இருந்தாத்தானே சாக? வடிவம் கெட்டுப்போகும். வெந்த முட்டை திரும்பப் பச்சை முட்டை ஆகுமா?"

"ஆகாது. நீ திரும்பக் காலேஜ் போகாத மாதிரி."

அடுப்படியிலிருந்து அக்கா சிரித்தாள். "நல்லாக் கேளுடி."

"நீ கேளு மாமா இப்ப. தடுப்பூசியால வர்ற எதிர்ப்பாற்றல் எந்த வகைன்னு."

"எந்த வகை?"

"செயற்கை. இன்னிக்கு எங்களுக்கே போடறாங்க. உங்க கிடங்குலேருந்துதான் வருதாம். இனிமே துருப்பிடிச்ச ஆணியை மிதிச்சாக்கூடப் பயமில்லைன்னு டீச்சர் சொன்னாங்க. பத்து வருஷத்துக்கு!"

அன்று காலை கிடங்கிலிருந்து கிளம்பியது ஒரே பெட்டி.

"இன்னிக்கு லீவு போட்டுடு," என்றேன். "உனக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கு."

அக்கா வந்து அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "கல்லு மாதிரி இருக்கா. ஊசிக்குப் பயந்து ஏற்கெனவே ராத்திரியே அழுதாச்சு. நீ வேற அவளுக்குத் தாளம் போடாத."

"யாரு அழுதா? கண்ணுல தூசி," என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

படுத்தேன். இவளை மட்டும் தடுத்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன் என்பது எனக்கே தெரிந்தது. மற்றவர்கள் வெறும் வரிசையாகத்தான் மனதில் வந்தார்கள். ஆனால் அந்த வரிசையில் எல்லோர் காலுக்கடியிலும் ஒரு ஆணி கிடந்தது. தூக்கம் வரவில்லை. எழுந்து சட்டையை மாட்டினேன். அதில் தைரியம் என்று எதுவும் இல்லை.

பள்ளிக்கூடத்து ஹாலில் வரிசை கதவுவரை நீண்டிருந்தது. நர்ஸ் தலை நிமிராமலே கேட்டார்.

"யாருப்பா? பிள்ளைங்க இருக்கிற இடத்துல?"

"கிடங்குலேருந்து வர்றேன். போடறதை நிறுத்துங்க. மருந்து உறைஞ்சு போச்சு."

"விளையாடறியா? நாப்பத்தொரு பேருக்குப் போட்டாச்சு. ஏட்டுல நாலு டிகிரின்னு இருக்கே."

"உங்ககிட்ட வேற பெட்டியில வந்த குப்பி இருக்கா?"

அவருடைய பெட்டியில் போன வாரத்துக் குப்பி ஒன்று இருந்தது. கை ஒன்றுக்கு ஒரு குப்பியாக இரண்டையும் குலுக்கிச் சன்னல் வெளிச்சத்தில் வைத்தேன். உறைந்த மருந்து என்றால் குலுக்கிய பின் சீக்கிரம் அடியில் படிந்துவிடும். கால் மணி நேரம் எல்லோரும் அந்த இரண்டு குப்பிகளையே பார்த்தோம். பழையது கலங்கலாகவே இருந்தது. காலையில் நாங்கள் அனுப்பியதில் துகள்கள் திரிதிரியாக இறங்கி அடியில் படிந்தன. மேலே தெளிந்த தண்ணீர் நின்றது.

நர்ஸ் கையுறையைக் கழற்றினார்.

"இந்த நாலை எழுதினது யாரு?"

"நான்தான்."

"பார்க்காமலா?"

"பார்க்காம."

அவர் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. கிடங்குக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி, போனை என்னிடம் நீட்டினார்.

"ஆந்தை," என்றார் ஸ்டோர் கீப்பர். குரலில் விளையாட்டு இல்லை. "என் கையெழுத்தும்ல அதுல இருக்கு?"

"ஆமா சார்."

"எங்கிட்ட முதல்ல சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நிறுத்தியிருப்பீங்களா சார்?"

"இனிமே வராத," என்று வைத்துவிட்டார்.

இன்றைக்கு ஊசி இல்லை என்று ஆசிரியை அறிவித்ததும் வரிசையில் இருந்தவர்கள் கைதட்டிக் கூச்சல் போட்டார்கள். போட்டுக்கொண்ட நாற்பத்தொரு பேர் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா மகள் எழுந்து வந்தாள்.

"அப்ப எனக்குத் திரும்பவும் குத்துவாங்களா?"

"குத்துவாங்க."

"உன்னாலயா?"

"என்னாலதான்."

பஞ்சை எடுத்துப் பார்த்தாள். ஒரு பொட்டு ரத்தம்.

"அம்மாகிட்ட நீயே சொல்லிக்கோ. நான் சொல்ல மாட்டேன்," என்றாள். பிறகு மற்றவர்களோடு போய் உட்கார்ந்துகொண்டாள்.