இருதயம்மாள் போட்ட பூட்டு

குரோஷியாவில் இஸ்த்ரியா என்று ஒரு பகுதி. மலை உச்சிக்கு ஒரு பழைய கிராமம், சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம். ராயபுரத்தில் மொட்டைமாடிக்கு ஏறவே முனகும் என்னை ஒரே பகலில் மூன்று மலை ஏற்றிவிட்டார்கள். ஒவ்வொன்றும் பரங்கிமலையை ஏழாக அடுக்கிய உயரம். நம்பாதவர்கள் போய் அளந்துகொள்ளலாம்.

மருமகன் நோயல் உல்லாசக் கப்பலில் சமையல்காரன். அவன் தயவில் நானும் மனைவி இருதயம்மாளும் அதில் வந்திருந்தோம். கப்பல் கரையில் நின்ற அன்று ஊர் சுற்றிக் காட்ட ஒரு வேன். சாயங்காலம் கப்பல் கிளம்பிவிடும், வராதவருக்காக நிற்காது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற எனக்கு அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கடைசி கிராமத்தில் யோசிப் என்ற பெரியவர் தன் நிலவறையில் ஒயின் ஊற்றினார். வேனில் வந்த மற்ற பயணிகள் கொப்பளித்துத் துப்பினார்கள். நான் ஒரே ஒரு பீப்பாயை மட்டும் காலி செய்துவிட்டு, பக்கத்துக் குட்டி மாதா கோயிலுக்குள் அவர்களோடு போனேன். உள்ளே பழங்காலச் சுவரோவியங்கள். டிரைவர்தான் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான்.

வாசலில் 'கடக்' என்று ஒரு சத்தம்.

இரும்புக் கிராதிக் கதவு சாத்தியிருந்தது. கதவில் ஒரு வளையம், கல்நிலையில் ஒரு வளையம். இரண்டையும் சேர்த்து ஒரு பூட்டு. அந்தப் பக்கம் இருதயம்மாள் கண்மூடி நின்றாள்.

"இன்னாமே பண்ணிக்கினு கீற?"

"ஜானட்டுக்கு நேந்துகினேன்யா."

எங்கள் மகள் ஜானட்டுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம். குழந்தை இல்லை. கோயிலில் பூட்டுப் போட்டு வேண்டிக்கொள்வது எங்கள் ஜனங்களிடம் உண்டு. சாவியை வீசிவிட வேண்டும். பூட்டு உடைந்தால் வேண்டுதலும் போச்சு. சும்மா தொங்கிய வளையங்களைப் பார்த்ததும், இங்கேயும் அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள்.

"நாங்கல்லாம் உள்ள கீறோமே, தெர்ல?"

"வேனுக்குப் போய்ட்டீங்கன்னு நெனச்சேன்."

"சாவி?"

சரிவைக் காட்டினாள். கீழே ஒரு லட்சம் கொடிகளாவது இருக்கும்.

டிரைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், யோசிப்புக்குப் போன் போட்டான். என் பின்னால் ஒரு ஜெர்மன்காரம்மாள் விட்ட மூச்சில் என் சட்டைக்காலர் பொசுங்கியது. யோசிப் இரும்பு அறுக்கும் வாளோடு வந்து பூட்டின்மேல் வைத்தார். இருதயம்மாள் இரண்டு கையாலும் பூட்டைப் பொத்திக்கொண்டாள்.

"கைய எடும்மே. கப்பல் பூடும்."

"போவட்டும். இந்தப் பூட்ட அவளே கடைக்குப் போய் வாங்கியாந்து குட்த்தா. ஒடச்சிட்டு வந்துட்டேன்னு அவ மூஞ்சப் பாத்து நான் சொல்லணுமா? நீ சொல்றியா?"

உள்ளே எல்லோரும் கத்த ஆரம்பித்தார்கள். டிரைவர் என் தோளை உலுக்கினான். வெயில் வாசற்படியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

நான் கம்பிகளுக்கு நடுவே கைகளை நீட்டினேன். யோசிப்பைப் பார்த்துத் தொட்டில்போல் ஆட்டினேன். பிறகு வெறுங்கையை விரித்துக் காட்டினேன்.

பெரியவர் என் கையைப் பார்த்தார். இருதயம்மாளைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டார். வாளைப் பூட்டிலிருந்து எடுத்து, கல்நிலையின் வளையத்தில் வைத்து அறுக்கத் தொடங்கினார். அவர் தாத்தா அடித்துப் போட்ட இரும்பு என்று டிரைவர் முணுமுணுத்தான். ஒவ்வொரு இழுப்புக்கும் பெரியவர் ஒரு வசவு விட்டார். யாரைத் திட்டினார் என்று நான் கேட்கவில்லை. கத்திக்கொண்டிருந்தவர்கள் அடங்கிப்போய் அந்த வாளையே பார்த்தார்கள்.

வளையம் அறுந்தது. கதவு திறந்தது. பூட்டு கதவின் வளையத்தில் அப்படியே ஆடியது. இருதயம்மாள் பெரியவரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வேன் மலையிலிருந்து இறங்கவில்லை, விழுந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கப்பல் ஏணியைத் தூக்க ஆள் நின்றிருந்தான். பக்கத்தில் சமையல் தொப்பியோடு நோயல், முகமெல்லாம் வேர்வை.

"இன்னா அத்த, இம்மாம் லேட்டு? எங்க போனீங்கோ?"

"ஒன் வேலையாத்தான் மாப்ள," என்றபடி இருதயம்மாள் மூச்சிரைக்க ஏணியில் ஏறினாள். "பசிக்குது. எதுனா குட்த்துட்டு, ஜானட்டுக்குப் போனப் போடு."