குழாயடிப் பாசி

சாப்பாட்டுக்கு முன் ஜெபம் சொல்ல வேண்டுமென்றாலே வாட்ச் ரிப்பேர்காரருக்குச் சங்கடம்தான். வருஷக்கணக்காக அதே ஒரு வரிதான். "டேப் போட்டாச்சு" என்று கண்ணை மூடியபடியே மகள் கிண்டலடிப்பாள். கடவுளிடம் பேச நம்மிடம் ஒன்றுமே இல்லையோ என்று அவருக்கு உள்ளுக்குள் ஓர் உறுத்தல்.

அன்று மதியம், முன்னறையில் வேலையை நிறுத்திவிட்டுக் கை கழுவப் போனவர், ஒற்றைக் கண்ணில் செருகியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்ற மறந்துவிட்டார். குழாயடிச் சுவரின் பாசி காடாக எழுந்து நின்றது. நுனிக்கு நுனி ஒரு நீர்த்துளி. நடுவே ஏதோ நடந்து போனது.

"என்னங்க, சாப்பாடு ஆறுது!"

மேசைக்கு வந்து கண்ணை மூடினார். பழைய வரி வரவில்லை.

"ஆண்டவரே, எங்க குழாயடிப் பாசியில ஒரு பூச்சி போகுது. என்கிட்ட இருக்கற ஸ்க்ரூவெல்லாம் அதுக்கு முன்னால மலை. அதுக்கு எட்டு கால், எட்டும் மடங்குது! எப்படி மாட்டினீங்க?"

கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பவர்போல் காதைச் சாய்த்தார். ஆமென் சொல்லவில்லை.

"ஆறு காலா இருக்கும்ப்பா" என்றாள் மகள்.

"எண்ணிப் பாத்தேன்டி!"

"ஜெபத்துல என்ன சண்டை?" என்று அதட்டிய மனைவிதான் முதலில் எழுந்தாள். "அந்தக் கண்ணாடியைக் கொடுங்க."

குழாயடியில் மூன்று தலைகள் முட்டிக்கொண்டன. சாப்பாடு நன்றாகவே ஆறியது. வெகுநேரம் கழித்து, சுவரிலிருந்து கண்ணை எடுக்காமலே மனைவி சொன்னாள்:

"எட்டுதான். ஆமென்."