யார் பிடித்த கை

ஃப்ரீசர் பெட்டியிலிருந்து அமிர்தலிங்கத்தைத் தூக்கி மரப்பெட்டியில் வைத்ததுமே, பிரகதாம்பாள் யாரையும் கேட்காமல் வலது பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பெட்டிக்குள் கைவிட்டுப் புருஷனின் கையைப் பற்றிக்கொண்டாள். ஜில்லென்றிருந்தது.

போதகர் பேசத் தொடங்கினார்.

"சில வருஷத்துக்கு முன்னால நாத்தங்கால்ல விரியன் கடிச்சு, நம்ம சகோதரர் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில கண்ணு தொறக்காம கிடந்தாரு. அப்ப அவரு கையை ஒருத்தர் விடாம பிடிச்சிருந்தாரு. அவரு யாரு? நம்ம இயேசப்பா!"

"ஆமென்" என்றது கூட்டம்.

பிரகதாம்பாளுக்கு வயிறு எரிந்தது. பிடித்தது அவள். சோறு தண்ணியில்லாமல், விரல் மரத்துப்போகப் பிடித்துக்கொண்டு கிடந்தது அவள். பேரை மட்டும் இன்னொருத்தர் தட்டிக்கொண்டு போய்விட்டார். போதாததற்குப் புருஷனையும். கோயில் தேர் வடத்தை முதல் ஆளாகத் தொட்ட மனுஷன், பிழைத்து வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமையானால் குளித்து முழுகி சபைக்குக் கிளம்பிவிடுவார். அவளிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாதவர், வயல் வரப்பில்கூட அந்த ஆளோடு முணுமுணுவென்று பேசிக்கொண்டே நடப்பார். சக்களத்தி என்றால் மயிரைப் பிடித்து ஆய்ந்திருக்கலாம். சாமியை என்ன செய்வது? "அந்தக் கை இருக்கே, பிரகதா..." என்று அவர் ஆரம்பித்தாலே, "அடுப்புல பால் இருக்கு" என்று எழுந்து போய்விடுவாள்.

இன்று எழுந்து போக இடமில்லை.

"அது எங் கைங்க!" என்றாள் சத்தமாக.

மகன் ராஜராஜன் ஓடிவந்தான். "அம்மா, சும்மா இரும்மா."

"நான் ஏன்டா சும்மா இருக்கணும்? ராப்பகலா பிடிச்சுக்கிட்டிருந்தது நானு. பேரு அவருக்கா?"

பக்கத்து வீட்டு ராமாயி, அமிர்தலிங்கத்தோடு சபைக்குப் போய்வந்தவள், குனிந்து அவள் தோளைத் தொட்டாள்.

"உங்க கைதான்க்கா. சபையில சாட்சி சொன்னப்ப அண்ணன் அழுதுச்சு. வலது கையைப் பிடிச்சது எம் பொண்டாட்டி, களை பறிச்சுக் காய்ச்சுப்போன அந்தக் கை எனக்குத் தெரியாதான்னுச்சு. இடது கையைப் பிடிச்சவரைத் தேடித்தான் இங்க வந்தேன்னு சொல்லுச்சு. உங்ககிட்ட சொல்லலையா?"

பிரகதாம்பாளுக்கு அந்த ஆஸ்பத்திரிக் கட்டில் கண்முன் வந்தது. இடது பக்கம் சுவர். கட்டிலை அதோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள். ஒரு ஆள் நிற்க இடம் கிடையாது.

"சொல்லத்தான் வந்தாரு" என்றாள் மெல்ல. "பாவி, நாந்தான் கேக்கல."

பாட்டு ஆரம்பித்தது. ராமாயி ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பெட்டிக்கு அந்தப் பக்கம், இடது கையருகே உட்காரப் போனாள்.

"அங்க உக்காராத, ராமாயி."

"ஏங்க்கா?"

"ஆளு இருக்கு."

ராமாயி நாற்காலியோடு கால்மாட்டுப் பக்கம் நகர்ந்துகொண்டாள். பிரகதாம்பாள் தன் பக்கத்துக் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.