பால் பொங்கிய வண்டி

வாலிபம் முழுக்க வளைகுடாவில் இரண்டடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் தூங்கியவர் ரிபாயி. ஊர் திரும்பியதும் வீட்டுக்கு மாடி எடுப்பார் என்று மனைவி ஜுலைகா பீவி நினைத்திருந்தாள். மனுசன் வாங்கி வந்ததோ ஒரு கிழட்டு வேன். நாகர்கோவில் பக்கம் எவனோ ஒரு வெள்ளைக்காரன் ஆசையாசையாய் வீடு மாதிரி செய்து, ஆசை தீர்ந்ததும் விட்டுப்போனது.

உள்ளே என்னதான் இல்லை? கட்டில், குழாய் வைத்த தொட்டி, மடக்கு மேசை, பூப்போட்ட திரை. நிறுத்துகிற இடமெல்லாம் நம்ம வீடு. ஆனால் சங்கரன்கோவில் தெருக்களில் அது வளையாது. மழை பெய்தால் ஒழுகும், அதுவும் சரியாக ரிபாயி படுக்கிற பக்கம். உதிரிபாகம் கேட்டால் கடைக்காரப் பையன் உள்ளே போய்த் தாத்தாவைக் கூட்டி வருவான்.

வாசலில் ஆறு மாசமாக நின்ற வண்டிக்கு ஜுலைகா ஒருநாள் கெடு வைத்தாள்.

"குத்தாலத்துக்குப் போயி, ஒரு ராத்திரி இதுக்குள்ள படுத்துட்டு வருவோம். போய்ச் சேந்தா வண்டி இருக்கட்டும். சேரலைன்னா அல் அமீன் கடைக்குத்தான்."

அல் அமீன் பழைய இரும்புக் கடைக்காரர். கிளம்புகிற காலையில் அழையாமலே வந்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிக் கண்ணாலேயே எடை போட்டார்.

ரிபாயி சாவியோடு வந்தால், ஜுலைகா பால் சட்டியோடு நிற்கிறாள்.

"வீடு வீடுன்னு சொல்லுதீகல்லா? பால் காய்ச்சாத வீட்ல நான் கால் வைக்க மாட்டேன்."

அடுப்பு டிரைவர் சீட்டுக்குப் பின்னால், எஞ்சின் மூடிமேல் இருந்தது. பிஸ்மில்லா சொல்லிப் பற்ற வைத்தாள். கதவில் தெருவே எட்டிப் பார்த்தது. பக்கத்து வீட்டு சண்முகையா, "பொங்கட்டும் மைனி, நல்லாப் பொங்கட்டும்! அடுப்பைக் குறைச்சிராதீக!" என்றார். பால் நுரைத்து, விளிம்பு தாண்டி, எஞ்சின் மூடியின் இடுக்கு வழியாக உள்ளே இறங்கியது. எல்லாருக்கும் பரம சந்தோசம்.

ரிபாயி சாவியைத் திருப்பினார். டொக். அவ்வளவுதான். மூடியைத் திறந்தால், எஞ்சினைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டார் பாலில் குளித்துப் புகைந்துகொண்டிருந்தது.

அல் அமீன் தொப்பியைச் சரிசெய்தார். "வண்டி மவுத்தாப் போச்சு வே. அடக்கத்தை நாம பாத்துக்கிடுவோம்."

ரிபாயி மனைவியைப் பார்த்தார். அவள் வைத்த கெடுப்படி அவள்தான் ஜெயித்திருந்தாள். ஆனால் முகத்தில் ஜெயித்த களை இல்லை.

"என் கையால காய்ச்சின பாலுக்கு அப்படி ஒரு பேரா? ஏ அல் அமீனு, பின்னால போயி தள்ளு!" என்றாள். "சண்முகையா அண்ணாச்சி, நீங்கதான பொங்கட்டும்னீக, நீங்களும் வாங்க."

தெருவே தள்ளியது. முக்கு திரும்பும் முன் வண்டி இருமி, செருமி, உயிர் பிடித்தது. தெரு முழுக்கப் பால்கோவா வாசம்.

"இனி நிப்பாட்டக் கூடாது," என்றார் ரிபாயி. "நின்னா போச்சு."

"அப்ப ஏன் நிப்பாட்டுதீக? போங்க!"

புளியங்குடியில் டீ இல்லை. கடையநல்லூரில், போனில் சேதி கேட்ட ஜுலைகாவின் அண்ணன் சாப்பாட்டைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு ரோட்டோரம் காத்து நின்றார். பிறந்த வீட்டு வாசலில் இறங்காமல் அவள் தாண்டிப் போனதாக அந்த வம்சத்தில் வரலாறு கிடையாது. அன்றைக்குத் தாண்டினாள்.

"அண்ணே, வரும்போது வாரேன்! கோவிச்சுக்கிடாத!" என்று கையை ஆட்டிக்கொண்டே போனாள். அண்ணன் கொஞ்ச தூரம் கூடவே ஓடி, ஜன்னல் வழியாகத் தூக்குச்சட்டியைத் திணித்துவிட்டு மூச்சு வாங்கினார்.

குற்றாலத்தில் ஒரு சரிவாகத் தேடி, காலையில் உருட்டிக் கிளப்ப வசதியாக மூக்கைப் பள்ளம் பார்த்து நிறுத்தி ரிபாயி எஞ்சினை அணைத்தார். அப்புறம்தான் ஜுலைகா மடக்கு மேசையை விரித்தாள். தூக்குச்சட்டியில் நெய்ச்சோறு இன்னும் சூடாக இருந்தது.

சாயங்காலம் சாரல் பிடித்தது. கூரை வழக்கம்போல அவர் பக்கம் பார்த்து ஒழுகியது. ஜுலைகா சுவரோரமாக ஒண்டி இடம் விட்டாள். கட்டிலின் அகலத்தை அவர் வாயைத் திறந்து குறை சொல்லவில்லை.

அவள் போனை எடுத்தாள். "ஏ அல் அமீனு, நாந்தான். வண்டி வராது உன் கடைக்கு. ஆனா நாளைக்கு நான் வருவேன். இந்த வண்டிக்குச் சேர்ற மாதிரி பழைய செல்ஃப் மோட்டார் ஒண்ணு தேடி எடுத்து வை."